எனக்குப் பதிலாக ஒரு அரிசி மூட்டை

ஜூலை 9, செவ்வாய்

காலையில் சங்கரா மீன் குழம்பு. கிழவர் இரண்டு தடவை ஊற்றிக்கொண்டார். நல்லா இருக்குன்னு வாயால் சொல்லவில்லை. 1976-ல் கல்யாணம் ஆனதிலிருந்து ஒரே ஒரு தடவைதான் சொல்லியிருக்கிறார். அன்றைக்குக் குழம்பு வைத்தது எங்க அம்மா.

இந்த டைரி பேத்தி ஹேமலதாவுக்கு சேதராப்பட்டு கம்பெனியில் கொடுத்தது. "நீதான் எதையும் மறக்க மாட்டேங்குறியே ஆயா, உனக்கு எதுக்கு?" என்று கேட்டுக்கொண்டே கொடுத்தாள். அதனால்தான் வேண்டும். நான் போய்ச் சேர்ந்த பிறகு இதையெல்லாம் யார் ஞாபகம் வைத்துக்கொள்வார்கள்? படித்தது அஞ்சாவது. எழுத்துப் பிழை இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

ஜூலை 12, வெள்ளி

கிழவர் மோட்டார் சைக்கிளை வாசலில் நிறுத்தி, அதன்மேல் உட்கார்ந்து, முன் பிரேக்கைப் பிடித்துப் பிடித்து உந்துகிறார். வண்டி பூம்பூம் மாடு மாதிரித் தலையை ஆட்டுகிறது. என்னவென்று நான் கேட்கவில்லை. அந்த வண்டியைப் பற்றி நான் பேசுவதில்லை.

ஜூலை 14, ஞாயிறு

ஹேமா மெதுவாகச் சொன்னாள். தாத்தாவுக்கு செப்டம்பரோடு லைசென்ஸ் முடிகிறதாம். எழுபத்தொரு வயசாயிடுச்சு, இனிமேல் புதுப்பிக்கப் போவதில்லையாம். வண்டி அவளுக்காம். "அதுக்கு முன்னாடி உன்னைய ஒரே ஒரு தடவ வீராம்பட்டினம் தேருக்குக் கூட்டிக்கினு போவணுமாம் ஆயா. பின்னாடி உக்கார வெச்சி."

நான் கொத்தவரங்காயை நறுக்கிக்கொண்டே இருந்தேன்.

2013 ஆகஸ்ட் 16. ஆடி அஞ்சாம் வெள்ளி, வீராம்பட்டினம் தேர். வண்டி வாங்கிப் பன்னிரண்டு நாள், முன்னால் வைத்த குங்குமம்கூட அழியவில்லை. அரியாங்குப்பம் தாண்டித் திரும்பியதும் ஒரு வேகத்தடை. இவர் பிரேக் பிடித்தார். வண்டி ஒரு ஆட்டம் ஆடிச் சாய்ந்தது. நான் கையை ஊன்றி விழுந்தேன். இடது மணிக்கட்டு இரண்டு துண்டு.

அதுகூடப் பரவாயில்லை. எப்படிம்மா விழுந்தீங்க என்று டாக்டரம்மா கேட்டது என்னை. பதில் சொன்னது இவர். "இவ பின்னாடி உக்காந்து ஆடுனா டாக்டர், அதான்." நர்ஸ் சிரித்தாள். அவள் காதில் சிவப்புக் கல் தோடு.

கட்டுப் போட்டுக்கொண்டு வெளியே வந்ததும் சொன்னேன்: ஆடுனது நான் இல்லைன்னு உன் வாயால சொல்ற வரைக்கும் இந்த வண்டியில ஏற மாட்டேன். அவரும் சொல்லவில்லை. நானும் ஏறவில்லை. தேருக்கு அவர் வண்டியில் போவார், நான் பஸ்ஸில் போவேன். கோயில் வாசலில் அசலூர்க்காரர்கள் மாதிரிப் பார்த்துக்கொள்வோம்.

ஜூலை 16, செவ்வாய்

மெக்கானிக் ஆரிப் வந்து வண்டியைப் பார்த்தான். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கிற இரண்டு குழாய்க்கும் ஃபோர்க்கு என்று பெயராம். உள்ளே ஆளுக்கொரு ஸ்பிரிங்கு இருக்கிறதாம். "தளர்ந்துபோச்சு தாத்தா. அதான் பிரேக் புடிச்சா மூக்கைக் குத்துது. புது ஸ்பிரிங்கு வர நாளாவும். ஸ்பிரிங்கு தலையில ஒரு துண்டு பைப்பை வெச்சி மூடியத் திருகிட்டா இறுக்கமா நிக்கும். ஆனா ரெண்டு துண்டும் ஒரே அளவா இருக்கணும், சொல்லிட்டேன்."

கிழவருக்கு வந்ததே கோவம். "டேய், மில்லுல முப்பத்தோரு வருசம் பிட்டர்டா நானு. எங்கிட்ட அளவு சொல்றியா?"

"சொல்லல தாத்தா. ஞாபகப்படுத்துனேன்."

ஜூலை 18, வியாழன்

என் மீன் சட்டியை உடைத்துவிட்டார். இப்போது எழுத முடியாது.

மாலை: இப்போது எழுதுகிறேன். ஃபோர்க்கு மூடியைத் திருகிக் கழற்றிக்கொண்டே வந்தவர், கடைசிப் புரியில் கையால் அழுத்திப் பிடிக்கவில்லை. உள்ளே ஸ்பிரிங்கு முட்டிக்கொண்டிருந்திருக்கிறது. மூடி பட்டாசு மாதிரிப் பறந்து, கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த சட்டி மேல் விழுந்தது. பதினாறு வருசமாகப் பழக்கிய சட்டி! அதில் வைத்தால் தண்ணீரே குழம்பாகும். நான் கத்திய கத்தலுக்கு எதிர்வீட்டு மாலா ஓடிவந்தாள், யாருக்கோ ஏதோ ஆகிவிட்டதென்று.

"மூஞ்சியில பட்டிருந்தா?" என்று கேட்டேன்.

"சட்டியில தான பட்டுது" என்கிறார்.

இந்த மனுசனை என்ன செய்வது? அவர் தாடையைத் தொட்டுப் பார்த்தேன். ஒன்றுமில்லை.

ஜூலை 19, வெள்ளி

தண்ணி லைன் போட்டபோது மிஞ்சிய பிளாஸ்டிக் பைப்பில் இரண்டு துண்டு அறுத்தார். அரம் போட்டு ராவினார், உப்புத்தாளில் தேய்த்தார், தட்டைக் கவிழ்த்து அதன்மேல் இரண்டையும் நிறுத்திக் குனிந்து குனிந்து பார்த்தார். கண்ணாடி போட்டும் பார்த்தார், கழற்றியும் பார்த்தார். நான் அந்தப் பக்கமாகப் போனவள் விரலை மேலே வைத்து ஒரு இழுப்பு இழுத்தேன். சோத்துக்கைப் பக்கத்துத் துண்டு ஒரு மயிரிழை உசரம். விரலால் காட்டிவிட்டுப் போனேன். பின்னால் அரம் ஓடுகிற சத்தம் கேட்டது.

ஜூலை 21, ஞாயிறு

இன்றைக்கு நடந்ததைத் தெருவே பேசுகிறது.

வண்டியில் பின்னாடி ஆள் இருந்தால் பிரேக் பிடிக்கும்போது அந்தக் கனமும் முன்னாடிதான் வருமாம். அப்போது எவ்வளவு அமுங்குகிறது என்று பார்க்க வேண்டுமாம். ஆளுக்கு எங்கே போவார்? இரண்டு இருபத்தாறு கிலோ அரிசி மூட்டை, மேலே பத்துக் கிலோ கல்லுப்பு. எல்லாவற்றையும் பின்சீட்டில் ஏற்றி, என்னுடைய பழைய கட்டம் போட்ட புடவையால் சுற்றிக் கட்டி, தெருக்கோடிவரை ஓட்டிக்கொண்டு போனார். என் புடவை! கலர் பார்த்தே எல்லாருக்கும் புரிந்துவிட்டது.

மாலா என்னைக் கூப்பிட்டுக் காட்டுகிறாள். "இன்னா ஆயா, தாத்தா புதுசா ஒண்ணு கட்டிக்கினாரா?"

"என்னைவிட நல்லதுதான்" என்றேன். "வாய் இல்ல."

அவள் சிரித்துச் சிரித்து நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டாள். நான் உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தேன். அவர் எதிரில் சிரிப்பேனா?

ஜூலை 23, செவ்வாய்

சாப்பிடும்போது கையை உதறுகிறார். சின்னக் கல்லில் ஏறினாலும் முழங்கைவரை அடிக்கிறதாம். இப்போது ரொம்ப இறுக்கமாம். தைலம் தேய்த்துவிட்டேன். 

ஜூலை 25, வியாழன்

ஹேமாதான் கண்டுபிடித்தாள். "அறுபத்திரண்டு கிலோ எதுக்குத் தாத்தா?"

"உங்க ஆயா வெயிட்டு."

"ஆயா போன மாசம் ஆஸ்பத்திரியில நின்னப்ப நாப்பத்தொம்பது."

அவர் என்னைப் பார்த்தார். தலையிலிருந்து கால்வரை, மெதுவாக. பெண் பார்க்க வந்த அன்றைக்குக்கூட அப்படிப் பார்க்கவில்லை. அன்றைக்கு அவர் பார்த்தது பஜ்ஜித் தட்டை. சர்க்கரை வந்து நான் கரைந்து நாலு வருசம் ஆகிறது. ஒரே வீடு, ஒரே பாய். இந்த மனுசன் இன்னும் அந்தப் பழைய பச்சையம்மாளுக்கே பைப்பு அறுத்துக்கினு இருக்கிறார்.

கோவப்பட வேண்டிய விசயம். கோவம் வரவில்லை. ஏன் வரவில்லை?

ஜூலை 28, ஞாயிறு

எழுதிவிட வேண்டும், ஒரு வார்த்தை விடாமல்.

காலை பத்து மணி. ஆரிப் வந்திருந்தான், மாலா வாசலில் நின்றாள், ஹேமாவுக்கு லீவு. கிழவர் என்னைக் கூப்பிட்டார். "பச்ச. ஒரு நிமிசம் உக்காரு. ஓட்ட மாட்டேன். அளவு பாக்கணும், மூட்டையை வெச்சி ஆவாது."

"அன்னைக்கி நான் சொல்லச் சொன்னதைச் சொல்லு, உக்காருறேன்" என்றேன்.

ஆரிப்புக்கு ஒன்றும் புரியவில்லை. ஹேமாவுக்குப் புரிந்தது, அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கிழவர் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார். துணியில் கையைத் துடைத்தார். ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்.

"அன்னைக்கி ஆடுனது நீ இல்ல" என்றார். "முன்பக்கம்தான் அமுங்கி ஆட்டிடுச்சி. ஸ்பிரிங்கு அப்பவே சரியில்ல. தப்பு உன்மேல இல்ல."

நாலு பேர் முன்னாடி. பதினொரு வருசம் கழித்து.

நான் போய் உட்கார்ந்தேன். அவர் முன்னால் ஏறினார். பூக்காரி பொட்டலம் கட்டிக் கொடுத்த ரப்பர் பேண்டை ஆரிப் முன்சக்கரத்துப் பளபளப்பான குழாயில் மாட்டியிருந்தான். நாங்கள் இறங்கியதும் அது எவ்வளவு மேலே ஏறியிருக்கிறது என்று அளந்தார்கள். இரண்டு துண்டிலும் அரை அங்குலம் குறைக்க வேண்டுமாம். அவ்வளவுதான் வேலை. 

ஜூலை 29, திங்கள்

சந்தோசமாகத்தானே இருக்க வேண்டும்? இல்லை. காலையிலிருந்து ஒன்று உறுத்துகிறது.

பன்னிரண்டு நாள் வண்டி. பன்னிரண்டு நாளில் ஸ்பிரிங்கு தளருமா? மில்லில் பிட்டராக இருந்தவருக்கு அது தெரியாதா?

சரி. இந்த நோட்டுக்கு மட்டும் சொல்கிறேன். நான் ஆடினேன்.

அந்த வேகத்தடைக்குப் பக்கத்தில்தான் என் ஓரகத்தி கமலா வீடு, இவர் தம்பி பெண்டாட்டி. 1987 தை மாசம், என் மகன் காதுகுத்து. பந்தியில் உட்கார்ந்து என் குழம்பை முகர்ந்து பார்த்துவிட்டு, "அக்கா, இது நேத்து வெச்சதா?" என்று கேட்டாள். விடியற்காலையில் கரைக்கு வந்த மீன்! அன்றைக்கு விட்ட பேச்சுதான். தேர் அன்றைக்கு அவள் வாசலில் நின்றிருந்தாள். நான் புது வண்டியில் போவதை அவள் பார்க்கிறாளா என்று பார்க்க வேண்டும்போல் இருந்தது. உடம்பு முழுக்கத் திரும்பினேன். அதே நேரம் இவர் பிரேக் பிடித்தார்.

அவள் பார்த்தாளா என்பதுகூடத் தெரியாமல் விழுந்தேன்.

இவர் ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார். இவருக்குத் தெரிய வழியில்லை. குத்துமதிப்பாகச் சொன்ன பேச்சு அது என்று நினைத்துத்தான் எனக்குக் கோவம். தெரிந்து சொல்லியிருந்தால் கோவம் வந்திருக்காதா? அதற்கும் வந்திருக்கும். இன்னும் அதிகமாக வந்திருக்கும்.

ஆகஸ்ட் 3, சனி

ஆரிப்பை வழியில் பார்த்தேன். "ஏம்பா, புது வண்டியில ஸ்பிரிங்கு தளருமா?"

"புதுசுல எப்பிடி ஆயா தளரும்? ஏன் கேக்குறீங்க?"

"சும்மாதான்."

ஆகஸ்ட் 7, புதன்

வில்லியனூரிலிருந்து புதுச் சட்டி வாங்கி வந்திருக்கிறார். அடி கனம், வாய் சரியான அளவு. தட்டிப் பார்த்தேன், நல்ல சத்தம். பழகப் பத்து நாளாவது ஆகும். கஞ்சித்தண்ணி ஊற்றி வைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

அவரிடம் சொல்லிவிடலாமா? இரண்டு தடவை வாய் வரைக்கும் வந்தது. ஒரு தடவை அவர் பல் விளக்கிக்கொண்டிருந்தார். இன்னொரு தடவை எனக்கே மனசு வரவில்லை. அவர் எனக்காகப் பொய் சொல்லியிருந்தால் அதை உடைத்தவளாவேன். நிசமாகவே ஸ்பிரிங்கென்று நம்பியிருந்தால் — ம், இருக்கட்டும்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

அதே தேதி, அதே கிழமை. ஆடி அஞ்சாம் வெள்ளி.

மஞ்சள் புடவை கட்டிக்கொண்டேன். ஹேமா பூ வைத்துவிட்டாள். ஏறும்போது மாலா குரல் கொடுத்தாள், "ஆயா, உப்பு மூட்டை கோச்சிக்கப் போவுது!" கிழவர் கிளம்பினார். கடலூர் ரோட்டில் கூட்டம். ஆத்துப் பாலத்தில் காத்து அடித்தது. மேடு பள்ளம் எதுவும் மணிக்கட்டுக்குத் தெரியவில்லை. சோறு குழைந்தும் குழையாமலும் இருக்கிற பதம் மாதிரி, முன்பக்கம் மெத்தென்று இறங்கி மெத்தென்று எழுந்தது. நல்லா இருக்குன்னு நானும் சொல்லவில்லை.

அரியாங்குப்பம் தாண்டித் திரும்பினோம். அந்த வேகத்தடைக்குக் கொஞ்சம் முன்னால் கிழவர் வேகத்தைக் குறைத்தார்.

"பச்ச."

"இன்னா?"

"இப்ப வேணா திரும்பிப் பாத்துக்கோ. வண்டி அசையாது."

 அப்போதுதான் பார்த்தேன். கைப்பிடிப் பக்கத்துக் கண்ணாடியில் என் முகம் முழுசாகத் தெரிந்தது, மூக்குத்தியோடு. அவர் கண்ணும் தெரிந்தது. சிரிக்கிறார்.

"யோவ், அன்னைக்கே தெரியுமா உனக்கு?"

"கண்ணாடி எதுக்கு வெச்சிருக்கான்?"

முன்பக்கம் ஒரு தடவை அமுங்கி எழுந்தது.

நான் திரும்பிப் பார்த்தேன். நன்றாகவே, உடம்பு முழுக்கத் திரும்பி. கமலா வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை பூரா நரை. வண்டிச் சத்தத்துக்கு நிமிர்ந்தாள்.

பார்த்தாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸுக்கு நிற்கவில்லை.