நான்கு மணி ஆட்டம்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. கடவுள் துணையால் நாங்கள் இருவரும் நலம். உன் இருமல் விட்டதா? என் பிரார்த்தனையில் இப்போது முதல் வரி அதுதான். போனில் பேசினால் அப்பா காதில் விழும் என்பதால் எழுதுகிறேன். இரண்டு வாரமாக நீ அழைக்கும்போதெல்லாம் அவர் ஏதோ வேலை என்று வெளியே போய்விடுவதைக் கவனித்திருப்பாய். கோபமில்லை, வருத்தம். இருபத்திரண்டு வருடமாக "ஒரு தடவை வந்து பாரேன்" என்று அவர் கூப்பிட்டுக்கொண்டிருந்த கால்பந்து மைதானத்துக்கு இரண்டு வாரத்துக்கு முந்தைய சனிக்கிழமை நானும் கிளம்பினேன். அப்பா வருடா வருடம் பதிவு செய்யும் இருக்கைக்குப் பக்கத்து இருக்கைக்காரரான முடிதிருத்துபவர் ஊரில் இல்லாததால் அவர் இடம் எனக்கு. டிவி நிறுவனத்தில் ஆட்ட நேரம் குறிக்கும் வேலை உனக்குக் கிடைத்ததிலிருந்து, காலண்டரில் அதை மட்டும் நான் பென்சிலால்தான் எழுதுகிறேன். ஞாயிறு மூன்று மணியை அழித்துச் சனி நான்கு மணி என்று எழுதினேன். மறுபடியும் இரவு எட்டரை என்று மாற்றினீர்களாம், வியாழனன்றே அப்பா போனுக்குச் செய்தி வந்திருக்கிறது. அவர் செய்தி பார்க்கிறவரா? நான்தான் பார்த்திருக்க வேண்டும். அது என் பிழை, அவரிடமும் சொல்லிவிட்டேன்.

இரண்டு பஸ் மாறிப் போனால் கேட் பூட்டிக் கிடக்கிறது. புல் வெட்டுகிறவர் அப்பாவை அடையாளம் கண்டு, "என்னண்ணே, புல்லே இன்னும் எந்திரிக்கல, அதுக்குள்ள அண்ணியோட வந்துட்டீங்க, ஆட்டம் எட்டரைக்குல்ல" என்று சிரித்து உள்ளே விட்டார். அவ்வளவு பெரிய இடத்தில் நாங்கள் இருவர் மட்டும். தண்ணீர்க் குழாய் சுற்றிச் சுற்றித் தெளிக்க, அதன்மேல் ஒரு சின்ன வானவில் வருவதும் போவதுமாக இருந்தது. இது ரயில் ஓட்டுநர் இடம், கோல் விழுந்தால் செருப்பைத் தொலைத்துவிடுவார், அது இரட்டைச் சகோதரிகள், ஆட்டத்தைவிட அவர்கள் சண்டை பார்க்க நன்றாயிருக்கும் என்று அப்பா ஒவ்வொரு காலி நாற்காலியாகக் காட்டினார். எல்லோரும் வந்து மூச்சுக்காட்டாமல் உட்கார்ந்திருப்பதுபோலவே எனக்கு இருந்தது. நிழல் மைதானத்தைக் கடந்து எங்கள் காலடிக்கு வரும்வரை எழுந்திருக்கத் தோன்றவில்லை. ஆட்டம் முடியப் பத்தரை ஆகும், கடைசி பஸ்ஸோ ஒன்பதே முக்காலுக்கு. திரும்பிவிட்டோம்.

வீட்டில் டிவி போட்டதும் எதிர்வீட்டுத் தையல்கார அக்கா வந்து உட்கார்ந்து, எட்டரைக்கு வச்சாத்தான் எங்கள மாதிரி ஆளுங்க பார்க்க முடியுது, உங்க பொண்ணு மகராசி என்றார். நியாயம்தானே, அவர் கடையடைப்பதே எட்டுக்கு. டிவியில் பார்ப்பதாக நீ சொல்லும் லட்சக்கணக்கானவர்களில் ஒருவரை அன்றுதான் நேரில் பார்த்தேன். அப்புறம் கேமரா எங்கள் பக்கத்தைக் காட்டியது. நெருக்கியடித்த கூட்டத்துக்கு நடுவில் இரண்டு நாற்காலி காலி. "நம்ம இடம்" என்றார் அப்பா. எழுந்து போய்விட்டார். அடுத்த வருடத்துக்கு அந்த இருக்கையைப் பதிவு செய்ய இம்மாதம் முப்பது வரைதான். படிவத்தில் பெயரெழுதி, கையெழுத்துப் போடாமல் வைத்திருக்கிறார். போடச் சொல்லி நீ கெஞ்ச வேண்டாம். நேரம் மாறுவதை ஒரு மாதம் முன்னாலாவது சொல்ல முடியுமா என்று மேலதிகாரியிடம் கேட்டுப் பார். முடியாதென்றால் அதை அப்பாவிடமே சொல்லிவிடு, தாங்குவார். உன் வேலைக்குச் சங்கடம் என்று அவர் கேட்காமலும், அவர் மனம் நோகும் என்று நீ சொல்லாமலும் இருப்பதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

ஆண்டவன் உன்னை நோய்நொடியில்லாமல் காக்கட்டும். மருந்தை வேளை தவறாமல் சாப்பிடு. ஞாயிறு காலை பத்து மணிக்கு அழை. போனை அவர் கையில் கொடுத்துவிட்டு நான் எதிர்வீட்டுக்குப் போய்விடுகிறேன்.

உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா