பதினாறாம் வாய்ப்பாட்டுப் பிரார்த்தனை

அன்புள்ள அம்மா,

உன் இருமலும் அப்பாவின் முட்டிவலியும் எப்படி இருக்கின்றன? நான் நலம். எடைதான் என்னோடு கோபித்துக்கொண்டு போய்விட்டது.

இந்த அரசுப் பயிற்சிப் பட்டறையில் தினமும் காலையில் எல்லோரும் மேலாளரின் மதப் பிரார்த்தனையைச் சொல்ல வேண்டும். நம் மதத்துக்காரன் நான் ஒருவன்தான். சும்மா நின்றால் தெரிந்துவிடும் என்று பதினாறாம் வாய்ப்பாட்டை முணுமுணுப்பேன். நேற்று எல்லோரும் முடித்த பிறகும் என் குரல் மட்டும் கேட்டது: "பதினாறு பத்து நூற்றறுபது!" பட்டறையே சிரித்தது, மேலாளரைத் தவிர.

"சாமி கும்பிடச் சொன்னா கணக்கா போடுற?"

"அது உங்க சாமி சார். பட்டறை எல்லாருக்கும் பொதுதானே?"

"வாயைப் பாரு! இனிமே ஒழுங்கா கும்பிடுவேன்னு திங்கட்கிழமைக்குள்ள எழுதிக் கொடு. இல்லன்னா உன் சீட்டைக் கிழிச்சிடுவேன்."

பயப்படாதே. சத்தம் போட்டதற்கு மட்டும் மன்னிப்பு எழுதி வைத்திருக்கிறேன். கும்பிடுவேன் என்று எழுதக் கை வரவில்லை. தப்பா அம்மா?

என் பெட்டிக்கு ஒரு பூட்டு அனுப்பு. கடிதத்தின் உச்சியில் நீ போடும் நம் சாமி குறியை இனிப் போடாதே, இங்கே பிரித்துப் பார்க்கிறார்கள்.

இல்லை, போடும்மா. பெரிதாகவே போடு.

மணி அடித்துவிட்டது, ஓடுகிறேன்.

உன் வாலு