தெப்பக்குளத்து வீடு ஹோட்டலான பிறகு

என் உயிரான அம்மாவுக்கு,

நீ போனபின் உனக்கு நான் எதுவும் எழுதியதில்லை. பூசையில் உன் பெயரைச் சொல்லி ஜெபிப்பதோடு சரி. இப்போது அப்பாவைப் பற்றி யாரிடமாவது சொல்லியாக வேண்டியிருக்கிறது. பம்பாயிலிருக்கும் அண்ணனுக்கு எழுதினால், டாக்டரிடம் காட்டு என்கிறான். காட்டிவிட்டேன். "வயசாயிடுச்சும்மா, மறதிதான். பக்குவமா பாத்துக்குங்க" என்கிறார் டாக்டர். பக்குவம் என்றால் என்ன என்று அவரிடம் கேட்கத் தோன்றவில்லை.

முதலில் வீட்டுச் செய்தி. தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் நாம் மாடியில் வாடகைக்கு இருந்தோமே, அந்தப் பெரிய வீட்டைக் காலி செய்துவிட்டோம். வீட்டுக்காரர் தவறிய பிறகு அவருடைய பேரன் மெட்ராசிலிருந்து வந்தார். படித்தவர், மரியாதை தெரிந்தவர். நாற்காலி போட்டும் அப்பா முன்னால் உட்காரவில்லை.

"ஸ்ரீரங்கத்துல ராஜகோபுரம் எழும்பிக்கிட்டிருக்கு சார். முடிஞ்சதும் வெளிநாட்டுலேருந்தெல்லாம் ஆளுங்க வருவாங்க. இந்த மாதிரி பழைய வீட்டுல தங்கத்தான் அவங்களுக்கு ஆசை. இடிக்க மாட்டேன், அழகை அப்படியே வச்சுக்கிட்டு ஹோட்டலாக்கப் போறேன்" என்றார்.

அப்பா தூணைத் தடவிக்கொண்டே, "இடிக்காம இருந்தா சரி தம்பி" என்றார். அவ்வளவுதான். கோர்ட்டுக்குப் போகலாம் என்று கீழே குடியிருந்தவர்கள் சொன்னார்கள். வீடு அவர்களுடையது, எதை வைத்துக்கொண்டு நாம் சண்டை போடுவது?

கே.கே. நகரில் ஒரு சின்ன வீடு பார்த்தேன். புது வீடு, காற்றோட்டமானது. அப்பா முதலில் நன்றாகத்தான் இருந்தார். காலையில் பஸ் ஏறி மெயின்கார்டுகேட்டில் இறங்கி, பழைய வீட்டில் நடக்கும் வேலையைப் பார்த்துவிட்டு வருவார். தேக்குத் தூண்களுக்கு மெருகு போடுகிறார்கள், பால்கனிக் கம்பிகளுக்குப் பச்சை வண்ணம் அடிக்கிறார்கள் என்று ரயில்வேயில் பார்சல் கணக்குச் சொன்ன அதே கறாரோடு சொல்வார். ஒருநாள் வந்து, "உங்கம்மா சமையக்கட்டை இடிச்சுட்டாங்க. அங்க பாத்ரூம் வருதாம்" என்றார். அன்றைக்குச் சாப்பிடவில்லை.

பிறகு ஒரு காலையில், காபியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"ஸ்டெல்லா, உங்கம்மாவை அங்கேயே விட்டுட்டு வந்துட்டோமே?"

"அப்பா, அம்மா இறந்துட்டாங்கப்பா" என்றேன். அம்மா, அவர் அழுததை நீ பார்த்திருக்க வேண்டாம். அப்போதுதான் தந்தி வந்ததுபோல் அழுதார். பக்கத்து வீட்டார் ஓடிவந்து விட்டார்கள். மறுநாளும் அதே கேள்வி. மறுநாளும் அதே அழுகை. தினமும் காலையில் உன்னை நானே சாகடிக்க வேண்டுமா? அதன்பிறகு சொல்வதை நிறுத்திவிட்டேன்.

யோசித்துப் பார்த்தால் அவர் நினைப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. நீ இந்த வீட்டுக்குள் காலே வைத்ததில்லை. உன் நடமாட்டமெல்லாம் அங்கேதான். அப்படியானால் அங்கேதானே இருப்பாய்?

ஹோட்டல் திறந்தாயிற்று. வாசலில் வாழைமரம் கட்டியிருந்தார்கள் என்று கேள்விப்பட்டேன். கொஞ்சநாள் கழித்து நான் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது பள்ளிக்கு போன் வந்தது. அப்பா நேராக மாடிப்படி ஏறி, நம்முடைய முன்னறைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போயிருக்கிறார். அங்கே தங்கியிருந்தது புதிதாகக் கல்யாணமான ஜோடி. "யாருங்க நீங்க? லூர்து எங்க?" என்று உன் பெயரைச் சொல்லி இவர் சத்தம் போட, அந்தப் பெண் பயந்து அலறியிருக்கிறாள்.

நான் ஓடியபோது அப்பா வரவேற்பறையில் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். இஸ்திரி போட்ட சட்டை. பார்த்தால் அங்கே தங்க வந்தவர் மாதிரியே இருந்தார். மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். இளவயதுக்காரர், நல்லவர்.

"டீச்சர், எனக்கும் அப்பா இருக்காருங்க. ஆனா தங்குறவங்க பயந்துட்டாங்க. முதலாளி கேட்டா நான் என்ன பதில் சொல்றது? நீங்களே சொல்லுங்க."

யார் மேல் கோபப்படுவேன்?

அதன்பின் வாட்ச்மேன் அப்பாவை உள்ளே விடவில்லை. எதிர்ச்சாரியில் ஒரு கடைநிழலில் நின்று பால்கனியையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் கே.கே. நகர் வீட்டுக் கேட்டைப் பூட்டிப் பார்த்தேன். கம்பியைப் பிடித்து உலுக்கிக்கொண்டு உன் பெயரைக் கூப்பிட்டார். தெருவே பார்த்தது. நானே திறந்துவிட்டேன்.

கடைசியில் மேனேஜரிடம் கெஞ்சினேன். "ஒரே ஒரு தடவை உள்ள வந்து பாத்துக்கட்டும். அம்மா இல்லைன்னு கண்ணால பாத்தா மனசு அடங்குமோ என்னவோ." அறை காலியாகியிருந்த ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவரே எங்களை மாடிக்கு அழைத்துப்போனார்.

கதவு அதே கதவு, தரை அதே தரை. நீ காய்ச்சலோடு படுத்திருந்த ஜன்னலோரம் வெள்ளை விரிப்போடு ஒரு பெரிய கட்டில். உன் தையல் மெஷின் இருந்த இடத்தில் கண்ணாடி மேஜை. அப்பா எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்தார். பாத்ரூம் கதவைத் தட்டி, "லூர்து?" என்றார். பதிலுக்குக் கொஞ்சநேரம் காத்திருந்துவிட்டுத் திறந்தார். வெள்ளைத் தொட்டி, மடித்து வைத்த துண்டுகள். மெதுவாகக் கதவைச் சாத்தினார்.

"ரொம்ப நல்லா வச்சிருக்கீங்க. ஆனா எங்க வீட்டம்மா இங்க இல்லீங்களே" என்றார் மேனேஜரிடம்.

எனக்கு மூச்சு வந்தது. புரிந்துகொண்டார் என்று நினைத்தேன்.

படியிறங்கியதும் மேனேஜருடைய கையைப் பிடித்துக்கொண்டார். "வெளியில எங்கயோ போயிருக்கா போல. வந்தா, நாங்க கே.கே. நகருக்குப் போயிட்டோம்னு சொல்லுங்க தம்பி. பஸ்ஸை விட்டு எறங்கினா தண்ணி டேங்குக்கு எதிர்த்தெரு. அவளுக்கு அந்தப் பக்கம் பழக்கமில்ல."

மேனேஜர் என் முகத்தைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"சொல்றேங்க சார்" என்றார் அவர்.

இப்போது அப்பா அந்தப் பக்கமே போவதில்லை. பிரச்சினை தீர்ந்தது என்று எல்லோரும் சொல்கிறார்கள். மத்தியானத் தூக்கம் முடிந்ததும் முகம் கழுவி, கேட்டுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுகிறார். ஒவ்வொரு பஸ்ஸாக வருகிறது, போகிறது. "அந்தத் தம்பி சொல்லியிருப்பாரில்ல?" என்று கேட்கிறார். "சொல்லியிருப்பாருப்பா" என்கிறேன்.

போனவாரம் உன் உயரத்தில் ஓர் அம்மாள் பையோடு இறங்கி நம் தெருவில் திரும்பினார். அப்பா எழுந்து சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். அந்த அம்மாள் வீட்டைத் தாண்டிப் போனதும் மறுபடி உட்கார்ந்தார். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த என்னால் வெளியே போக முடியவில்லை. தேடி அலைந்துகொண்டிருந்தவரைக் காத்திருக்க வைத்துவிட்டேன். இரண்டில் எது கொடுமை, அம்மா?

கிறிஸ்துமசுக்கு அண்ணன் வருகிறான். திரும்பும்போது அப்பாவைத் தன்னோடு பம்பாய்க்கு அழைத்துப்போவதாக எழுதியிருக்கிறான். எனக்கும் ஓய்வு வேண்டும் என்று அவன் சொல்வது நிஜம்தான். ஆனால் அங்கே போனால், உன்னை இங்கே விட்டுவிட்டு வந்துவிட்டோம் என்று மறுபடி தொடங்குவாரே.

அவரைக் குணப்படுத்த எனக்கு வழி தெரியவில்லை. உனக்கு ஒரு வாக்கு மட்டும் தருகிறேன். யார் என்ன சொன்னாலும் அப்பாவை இந்த வீட்டிலிருந்து கிளப்ப விடமாட்டேன். உனக்கு எந்த இடத்தைச் சொல்லியனுப்பினாரோ, அந்த இடத்திலேயே நாங்கள் இருப்போம்.

அப்பாவுக்குத் துணையிருக்கும்
உன் மகள்,
ஸ்டெல்லா