நடுவில இருந்த வரி

அன்புள்ள அம்மாவுக்கு,

வெள்ளவத்தையில இருந்து தர்மினி. நான் சுகம். நீங்களும் சுகமா இருக்க வேணுமெண்டு நல்லூரானைக் கும்பிடுறன். போனில உங்களுக்குக் காது கேக்காதபடியா எழுதிறன்.

பள்ளிக்கூடத்தில எனக்கு ஐஞ்சு வகுப்பு, இருநூறு கொப்பிக்கு மேல. கொட்டாஞ்சேனைக்குப் போற பஸ்ஸில மடியில வைச்சுத்தான் திருத்திறன். முதல் வரியையும் கடைசி வரியையும் பாத்து, "மிக நன்று" எண்டு எழுதிப்போட்டு அடுத்ததை எடுப்பன்.

நேற்று எட்டாம் வகுப்பு ஜுமானா கிட்ட வந்து, "டீச்சர், நான் எழுதினத்த வாசிச்சீங்களா?" எண்டு கேட்டாள். கட்டுரைக்கு நடுவில, "எனக்குக் கரும்பலகை தெளிவாகத் தெரிவதில்லை டீச்சர், முன்னுக்கு இருக்கலாமா?" எண்டு எழுதியிருந்தாள். அதுக்குக் கீழ என்ர "மிக நன்று". ரெண்டு கிழமையா பிள்ளை பின்வரிசை வாங்கிலேயே இருந்திருக்கு. உடன முன்னுக்கு இருத்திப்போட்டன், நீங்கள் யோசிக்காதேங்கோ.

போர்த்திப் படுக்க ஒரு பழைய சீலை அனுப்புங்கோ. நீங்கள் உடுத்ததா இருந்தா நல்லம்.

இவ்வளவும் எழுதின பிறகுதான் உங்கட போன கடிதத்தை எடுத்து முழுசா வாசிச்சன். அம்மா, பத்தாம் திகதி கண் ஒப்பரேசன், வர ஏலுமோ எண்டு நடுவில கேட்டிருக்கிறியள். இண்டைக்குப் பன்னிரண்டு. பக்கத்து வீட்டு ஜெகதீஸ்வரி அக்காவுக்குப் போன் எடுத்தன். நல்லபடியா முடிஞ்சுதாம், கொஞ்ச நாளைக்கு வாசிக்கக் கூடாதாம்.

பஸ்ஸுக்கு நேரமாச்சு. இதை அக்காதான் உங்களுக்கு வாசிச்சுக் காட்டுவா. நடுவில ஒண்டும் விடாமல் வாசிக்கச் சொல்லுங்கோ.

உங்கட மகள்,
தர்மினி