பெரியகேட்டு வீட்டுச் சுவரில் இருக்கும் கறை

சின்னமனூர்
20.12.2003

அன்பு மகள் வேல்விழிக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், அம்மா, அன்னத்தாய் அத்தை மூவரும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். டெல்லிக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் காலையில் எழுந்ததும் எங்களுக்கு வருகிற முதல் நினைப்பு. மழை நின்றபிறகு அம்மாவின் முழங்கால் வலி கொஞ்சம் இறங்கியிருக்கிறது, மாடிப்படி மட்டும் ஏற மாட்டேன் என்கிறாள். கொல்லை எலுமிச்சை இந்த வருடமும் முள்ளைத்தான் காய்த்திருக்கிறது. மாப்பிள்ளைக்கு நான் அனுப்பிய மப்ளர் வந்ததா, போட்டுக்கொள்கிறாரா, அல்லது டெல்லியில் அதெல்லாம் யாரும் போடுவதில்லை என்று பெட்டியில் வைத்துவிட்டாரா என்று எழுது. இதையெல்லாம் ஃபோனில் சொல்லலாமே என்பாய். இரண்டு தடவை போட்டேன். இரண்டு தடவையும் ஒரு பெண் இந்தியில் என்னவோ சொன்னாள், அதில் மீட்டிங் என்ற சொல் மட்டும் எனக்குப் புரிந்தது. அதனால்தான் கடிதம், அதுவும் ஸ்பீடு போஸ்டில். ஒரு அவசரமான காரியம் இருக்கிறது, முழுவதையும் படித்தபிறகு உனக்கே தெரியும்.

தீபாவளிக்குப் பேசியபோது நீ சொன்னாய் அல்லவா, போடியில் ஒரு பழைய வீட்டைப் புதுப்பித்துக் காட்சிக்கு வைக்கிறார்கள், அதன் வரலாற்றுக் குறிப்புகளையெல்லாம் நான்தான் எழுதினேன், தை மாதம் திறப்புவிழா, அதற்கு முன்னாலேயே ஆட்களைக் கூட்டிப் போய்ச் சுற்றிக் காட்டுகிறார்கள், போய்ப் பாருங்கள் என்று. மகள் எழுதியதை ஊரார் வாயால் கேட்கிற ஆசை எனக்கு வந்துவிட்டது. அத்தையும் கிளம்பிவிட்டாள். வியாழக்கிழமை தேவாரம் வழி பஸ்ஸில் போனோம். வாசலில் ராஜ விலாஸ் என்று பித்தளைப் பலகை மின்னியது. அத்தை பலகையைப் படிக்கவில்லை, கேட்டைத்தான் பார்த்தாள். பார்த்துவிட்டு, ஏலே கோட்டைச்சாமி, இது பெரியகேட்டு வீடுல்ல, எப்பலே ராசா வந்து குடியேறுனாக என்றாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. அத்தை பன்னிரண்டு வயசிலிருந்து பதினோரு வருடம் ஏலக்காயைத் தரம் பார்த்துப் பொறுக்கப் போனது இந்த வீட்டுக்குத்தான். ஏலக்காய் வியாபாரம் செய்த முதலாளி வீடு. ராஜா என்று ஒருவர் அந்த வழியாக நடந்து போயிருந்தால்கூட எங்களுக்குத் தெரிந்திருக்கும்.

நீயும் இதை அறியவில்லை, சரி. போன சித்திரையில் வந்து நாலு நாள் போடி லாட்ஜில் தங்கி அந்த வீட்டை அங்குலம் அங்குலமாக அளந்தாய். ஒரு வேளை சாப்பாட்டுக்கு இங்கே வந்தாய். உனக்கு முருங்கைக்காய் சாம்பார் ஊற்றியவள் அத்தைதான். அந்த வீட்டுச் சுவர் எத்தனை அங்குல கனம் என்று எங்களுக்கு நீ சொன்னாய், அந்த வீட்டில் யாராவது வேலை பார்த்தார்களா என்று எங்களிடம் நீ கேட்கவில்லை. எந்த வீடு என்று நானும் கேட்கவில்லை. அதில் எனக்கும் பாதி மார்க் குறையும்.

சுற்றிக் காட்ட வந்தவர் பெயர் சூரியபிரகாஷ், டை கட்டியிருந்தார், கையில் நீ எழுதிய தாள்கள். எங்களோடு குமுளிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு மலையாளக் குடும்பமும், மதுரைக் கல்லூரி மாணவிகள் ஏழெட்டுப் பேரும் இருந்தார்கள். செருப்பைக் கழற்றச் சொல்லி எல்லார் காலுக்கும் துணி உறை மாட்டினார்கள், தரை கெட்டுவிடக் கூடாதாம். இந்தத் தரையைப் பதினோரு வருசம் சாணி போட்டு மெழுகுனதே நாங்கதான், அப்பக் கெடலையாக்கும் என்றாள் அத்தை. மாணவிகள் சிரித்தார்கள். சூரியபிரகாஷ் சிரிக்கவில்லை, தாளில் அது இல்லை.

முதலில் பின்கட்டிலிருக்கும் பெரிய கூடம். இதுதான் நடன மண்டபம் என்று ஆரம்பித்தார். சன்னல்களை ஆள் உயரத்துக்கு மேலே வைத்தது இசை வெளியே சிதறாமல் இருக்கத்தானாம். கையைத் தட்டி எதிரொலி காட்டினார். மலையாளக் குடும்பத்துக் குழந்தையை ஆடச் சொன்னார்கள், அதுவும் ஆடியது. அத்தை தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள். நாப்பது பொம்பளைக வெடியறதுலருந்து பொழுதடையுற வரைக்கும் குத்தவச்சு ஏலம் பொறுக்குன இடம்யா இது, ஆடுறது எங்கிட்டு, எந்திரிச்சுக் காலை நீட்டவே மேஸ்திரிகிட்டக் கேக்கணும், சன்னல் ஒசரத்துல இருக்கது காய வெளிய எறியாம இருக்கத்தான் என்றாள். சூரியபிரகாஷ் பொறுமைசாலி. பாட்டி, டெல்லி மேடம் ஆராய்ச்சி செய்து எழுதியிருக்காக என்றார். மேடத்தின் அப்பா நான்தான், பக்கத்தில் நிற்கிறேன் என்று சொல்லவில்லை. சொல்ல வெட்கமாக இருந்தது.

நீ ஏன் நடனம் என்று எழுதினாய் என்று யோசித்துப் பார்த்தேன். ஆறாம் வகுப்பில் கோடிட்ட இடத்தை நிரப்பச் சொன்னால், விடை தெரியாத பிள்ளை அந்த இடத்தை வெறுமனே விடாது. பாடத்தில் எந்தச் சொல் அழகாக இருக்கிறதோ அதை எடுத்துப் போட்டுவிடும். காவிரி எங்கே உற்பத்தியாகிறது என்றால் தாஜ்மகால் என்று எழுதும். எழுத்து முத்து முத்தாக இருக்கும், அதற்காக மார்க் போட முடியுமா? அந்த வீட்டுக்காரர்கள் கொடுத்த ஆல்பத்தைப் பார்த்தாய், பெரிய கூடத்தைப் பார்த்தாய், இடையில் ஒரு கோடு இருந்தது, நிரப்பிவிட்டாய். ஒரு சலங்கைகூடக் கிடைக்காத வீட்டில் நடனம் எழுத உனக்கு ஆதாரம் தேவைப்படவில்லை. அத்தை சொல்வதை எழுதச் சொன்னால் மட்டும் ஆதாரம் எங்கே என்பாய், எனக்கு உன்னைத் தெரியும்.

கூடத்துக்கும் பின்வாசலுக்கும் நடுவே ஒரு சின்ன அறை. பெண்கள் ஒப்பனை அறை என்று பலகை. உள்ளே ஆளுயரக் கண்ணாடி, அதைக் காரைக்குடியில் வாங்கி மாட்டினார்களாம். இந்த வீட்டுப் பெண்கள் இங்கேதான் கூந்தலை அவிழ்த்து அலங்காரம் செய்துகொள்வார்கள் என்றார் சூரியபிரகாஷ். மலையாளத்து அம்மா நல்ல கண்ணுக்காரி. கதவைத் தடவிப் பார்த்துவிட்டு, ஒப்பனை அறைக்குத் தாழ்ப்பாள் ஏன் வெளியே இருக்கு என்று கேட்டாள். அவர் தாளைப் புரட்டினார், பாதுகாப்புக்காக என்றார். அப்போது அத்தை, கூந்தல அவுத்தது மட்டும் நெசந்தேன், அதுல பொய்யில்ல என்றாள். சாயங்காலம் வேலை முடிந்ததும் ஒவ்வொருத்தியாக அந்த அறைக்குள் விடுவார்களாம். கொண்டையை அவிழ்த்து உதறிக் காட்ட வேண்டும், மடியையும் முந்தானையையும் உதற வேண்டும், அதற்கப்புறம்தான் வெளியே தாழ் திறக்கும். மாணவிகள் சிரிப்பை நிறுத்திவிட்டார்கள். கண்ணாடியில் எங்கள் எல்லார் முகமும் தெரிந்தது, அங்கே நிற்க எனக்குப் பிடிக்கவில்லை.

இனி எழுதப்போவது உனக்குத் தெரியாதது. நான் உன்னிடம் சொன்னதில்லை. ஐம்பத்தேழாம் வருடம் ஒரு சாயங்காலம் அத்தையின் கொண்டைக்குள்ளிருந்து ஏழு ஏலக்காய் விழுந்தது. கேட்டுக்கு வெளியே தலைவிரி கோலமாக இருட்டுகிற வரைக்கும் அவளை நிற்க வைத்தார்கள். மறுநாளிலிருந்து உள்ளே விடவில்லை. போடியில் வேறு எந்த ஏலக்காய்க் கடையிலும் அதற்கப்புறம் அவளைச் சேர்க்கவில்லை. நான் அப்போது ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் இருந்தேன், என் சாப்பாட்டுச் செலவு அவள் சம்பளம். லீவுக்கு வந்தபோது அவளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன், எடுத்தியாக்கா என்று. அவள் எனக்குச் சோறு எடுத்துவைக்க எழுந்து போனாள். அந்தக் கேள்வியை நான் திருப்பி வாங்கிக்கொள்ளவே இல்லை. நாற்பத்தாறு வருடம் ஓடிவிட்டது.

திரும்பக் கூடத்துக்கு வந்தோம். நான் கவனிக்காததை அத்தை கவனித்திருந்தாள். சுவரில் தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில் கறுப்பாக ஒரு கறை, அதற்கு ஒரு முழம் தள்ளி இன்னொன்று, அப்படியே வரிசையாக மூன்று பக்கச் சுவரிலும். இது ஈரக் கறை, திறப்புவிழாவுக்கு முன்னால் வெள்ளையடித்துவிடுவோம் என்றார் சூரியபிரகாஷ். ஈரம் என்ன டிரில் வகுப்புப் பிள்ளையா, கை நீட்டி இடம்விட்டு வரிசையில் நிற்க? அத்தை தடுப்புக் கயிற்றைத் தாண்டிப் போய் மூன்றாவது தூணுக்கு நேரே, ஒரு கறைக்குக் கீழே உட்கார்ந்துவிட்டாள். ஆத்தா, அங்கன உக்காரக் கூடாது, எந்திரிங்க என்று அவர் ஓடிவந்தார். ஏலே, உங்க அப்பன் பொறக்குமுன்னாடியே இங்கன உக்காந்தவ நானு என்றாள். தலையைச் சுவரில் சாய்த்தாள். கறை அவள் கொண்டைக்கு இரண்டு விரற்கடை மேலே இருந்தது. ஆளு சுருங்கிட்டேன்ல என்றாள். அது எண்ணெய்க் கறை, மகளே. நாற்பது பெண்கள் நாள் முழுவதும் சாய்ந்து சாய்ந்து, தலையெண்ணெய் சுண்ணாம்பில் ஊறி ஏறிய கறை. உட்கார்ந்தபடியே கைகளால் சொளகு பிடிக்கிற மாதிரிக் காட்டினாள். எதிர் வரிசைக்காரி சொளகில் புடைத்துத் தூசு தட்டும்போது காய் தெறிக்கும், கண்ணில் விழும், மடியில் விழும், பின்னால் சாய்ந்திருக்கிற கொண்டைக்குள் விழுந்தால் யாருக்குத் தெரியும், எல்லார் தலையிலும் தினமும் விழும், அன்னிக்கு மேஸ்திரிக்கு என் மேல கோவம், என் தலையில மட்டும் எண்ணுனாக என்றாள். மாணவிகளிடம்தான் சொன்னாள். என் பக்கம் திரும்பவில்லை.

நான் மேனேஜர் முத்துராஜாவைப் போய்ப் பார்த்தேன். அவர் மரியாதையாகத்தான் பேசினார், ஒரு ஃபைலை எடுத்துக் காட்டினார். பதினான்காவது குறிப்பு, கூடத்துச் சுவர்களின் கறையைச் சுரண்டி நீக்கிச் சுண்ணாம்பு அடிக்கவும். கீழே உன் கையெழுத்து. அழகான கையெழுத்து, நான் சிலேட்டில் பழக்கியது. மேடம் எழுதிக் கொடுத்தால் நிறுத்திவிடுவோம் சார், நாங்களா எப்படி மாத்துறது என்றார். பின்முற்றத்துத் தொட்டியில் சுண்ணாம்பு ஊறிக்கொண்டிருக்கிறது, நானே பார்த்தேன். 29-ம் தேதி திங்கட்கிழமை ஆள் வருகிறது. அவசரம் என்று சொன்னது இதைத்தான்.

ஆதாரம் பற்றி ஒன்று சொல்லி முடிக்கிறேன். பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் ஒருவர் இருந்தார், வருகைப் பதிவேட்டில் பெயர் இல்லாத பிள்ளை வகுப்பில் இல்லை என்று எழுதிவிட்டுப் போவார். அந்தப் பிள்ளை முன்பெஞ்சில் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருக்கும். உன் படிப்பு பெரிய படிப்பு, எனக்குப் பெருமைதான், ஆனால் பதிவேட்டை மட்டும் பார்க்கிற வேலைக்கு அத்தனை தூரம் போய்ப் படித்திருக்க வேண்டாம். அந்த வீட்டில் உண்மையாகவே எழுதி வைத்திருக்கிற ஒரே வரலாறு அந்தச் சுவர்தான், அதைத்தான் சுரண்டச் சொல்லியிருக்கிறாய்.

திரும்பும்போது கேட்டில் ஒன்று நடந்தது. வாட்ச்மேனைத் தாண்டப் போன அத்தை நின்று, கொண்டையை அவிழ்த்து, தலையைக் குனிந்து உதறினாள். வாட்ச்மேன் பதறி, என்ன ஆத்தா, பூச்சி கீச்சி விழுந்துருச்சா என்றான். அவள் கேலிக்குச் செய்கிறாள் என்று நானும் சிரித்துவிட்டேன். பஸ்ஸில் தேவாரம் தாண்டியபிறகு சொன்னாள், நெனச்சுச் செய்யலடா, கை தானாப் போயிருச்சு என்று. அங்கேதான் நான் அந்தப் பழைய கேள்விக்கு மன்னிப்புக் கேட்டேன். கேட்டதற்கு அவள் சன்னல் கண்ணாடியை மூடச் சொன்னாள், காற்று ஜாஸ்தியாம். அதற்கப்புறம் பையிலிருந்து ஒரு கொய்யாப்பழத்தை எடுத்துப் பாதியைப் பிட்டுக் கொடுத்தாள்.

அவள் பெயரைப் பலகையில் போட வேண்டாமாம். டான்ஸ் ஆடுனாகன்னு மட்டும் போட வேணாம்னு புள்ளகிட்டச் சொல்லு என்கிறாள். இன்னொன்றும் சொல்லச் சொன்னாள், அப்படியே எழுதுகிறேன். நீ பொங்கலுக்கு வந்தால் உன்னைப் பக்கத்துக் கறைக்குக் கீழே உட்கார வைத்து, எதிரே உட்கார்ந்து ஒரு சொளகு ஏலத்தைப் புடைத்துக் காட்டுவாளாம். சாயங்காலம் உன் பின்னலை அவிழ்த்து உதறிப் பார்த்துவிட்டு, அதற்கப்புறம் நாம் ஆதாரம் பேசலாமாம்.

காலையில் வெந்நீர் குடி, கம்பளியில்லாமல் வெளியே போகாதே. மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பு. அம்மா உங்கள் இருவருக்கும் அங்காளம்மனுக்கு விளக்குப் போட்டிருக்கிறாள். நீங்கள் நிறைந்த ஆயுளோடும், குறையாத மனத்தோடும் வாழ வேண்டும். இந்தக் கடிதம் கையில் கிடைத்த அன்றே, மீட்டிங் இருந்தாலும் எழுந்து வெளியே வந்து, முத்துராஜாவுக்கு ஒரு ஃபோன் போடு. திங்கட்கிழமைக்கு முன்னால்.

உன் அப்பா,
கோ. கோட்டைச்சாமி
(தலைமை ஆசிரியர், ஓய்வு)

மறந்துவிட்டேன்: அத்தை இதை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். சாம்பார் ஊற்றியதை எழுதியது பிடிக்கவில்லையாம், புள்ள சங்கடப்படும், அடிச்சுரு என்றாள். நான் அடிக்கவில்லை.