திதிக்கு ஒரு காக்கை

24 நவம்பர் 1975

தாசில்தார் லீவு தரவில்லை. ஜனவரியில் அப்பாவின் முதல் வருஷத் திதி. கல்பாத்தி வாடகை வீட்டைக் காலி செய்தாயிற்று. அம்மா மாமா வீட்டில் இருக்கிறாள். ஆகையால் திதி இங்கே, தேவிகுளத்தில், என் குவார்ட்டர்ஸில்.

அம்மா வருவாளா? "யக்ஞன் ஆத்துப் படியை நாங்க ரெண்டு பேரும் மிதிக்க மாட்டோம்" என்று என் பேரெடுத்துச் சொல்லிவிட்டுப் போனவர் அப்பா. எழுபத்துமூன்று அரசு ஊழியர் ஸ்ட்ரைக்கில் நான் கொடி பிடித்து முழக்கம் போட்டு நடந்ததைப் பாலக்காட்டில் நேரில் பார்த்துவிட்டார். அதன்பின் என்னோடு பேசவே இல்லை. அம்மாவுக்கும் சேர்த்து அவரே சபதம் எடுத்தார். அம்மாவை யாரும் கேட்கவில்லை.

27 நவம்பர்

இன்னொரு சங்கடம். என் தோட்டத்துக்குக் காக்கையே வருவதில்லை. பிண்டத்தை யார் எடுப்பது? பக்கத்து வீட்டிலிருக்கும் ஆபீஸ் பியூன் கருத்தப்பாண்டியைக் கேட்டேன்.

"காக்கா எல்லாம் கீழ கறிக்கடையில கெடக்கு சார். ஒங்க தயிர்ச்சோத்துக்கு அது எதுக்கு இம்புட்டு மேடு ஏறி வரப்போவுது?"

நியாயமான கேள்வி. நாளையிலிருந்து பழக்குவது என்று முடிவு.

28 நவம்பர்

காலை ஏழு மணி. மதில்மேல் ஒரு பிடி சாதம். நல்ல குளிர். குரங்குக் குல்லாய், மப்ளர், கோட்டு சகிதம் நின்று "கா, கா" என்றேன். கருத்தப்பாண்டியின் மனைவி எட்டிப் பார்த்தாள். காக்கை பார்க்கவில்லை.

2 டிசம்பர்

கொண்டைக்குருவி ஒன்பது. கன்னத்தில் ஆளுக்கொரு சிவப்புப் பொட்டு. தின்பதைவிடச் சண்டை அதிகம். மைனா இரண்டு. மதிலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை சர்வே ஆட்களைப் போல நடந்து அளந்துவிட்டுப் போயின.

4 டிசம்பர்

கொண்டைக்குருவிக்கு வாழைப்பழம் வைத்தேன். திதிக்கு அவை தேவையே இல்லை. ஏன் வைத்தேன்?

9 டிசம்பர்

பம்பாயிலிருந்து அக்கா திரிபுரசுந்தரியின் கடிதம். திதி முடிந்ததும் அம்மா பம்பாய்க்கு வந்துவிட வேண்டியது. ஜனவரி பன்னிரண்டுக்கு ஒலவக்கோட்டிலிருந்து ரயில் டிக்கெட் எடுத்தாயிற்று. அம்மா என்ன சொன்னாள் என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. அம்மா ஒன்றும் சொல்லியிருக்க மாட்டாள்.

அம்மா என்னோடு இருக்க வேண்டும். இந்த நோட்டில் எழுத முடிகிறது. அவளுக்கு எழுத முடியவில்லை. அப்பா சபதம் போட்ட வீட்டுக்கு எந்த முகத்தோடு கூப்பிடுவது?

13 டிசம்பர்

வந்தது! அண்டங்காக்கை. தடித்த மூக்கு. சாதத்தைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, போய்விட்டது.

16 டிசம்பர்

தின்றது.

17 டிசம்பர்

விடிகிற நேரத்தில் ஓடைப் பக்கம் ஒரு நீலக்கறுப்புப் பறவை சீட்டி அடிக்கிறது. வேலைவெட்டி இல்லாதவன் அடிப்பது போல, பாதியில் விட்டுவிடுகிறது. மீதிக்காகக் காத்திருந்து ஆபீசுக்கு லேட்.

30 டிசம்பர்

காக்கை இப்போது ஏழுக்கு முன்பே ஆஜர். நான் உள்ளே இருந்தால் கூரைத் தகரத்தைக் கொத்துகிறது. கருத்தப்பாண்டியைவிட நேரம் தவறாதது.

5 ஜனவரி 1976

அம்மா வந்தாள். உடுமலைப்பேட்டை வழியாக, மூன்று பஸ் மாறி. வாசலில் அரை நிமிஷம் நின்றாள். "திதிக்காக்கும் வந்திருக்கேன்" என்று படியிடம் சொல்லிவிட்டு ஏறினாள்.

7 ஜனவரி

நான் சாதம் வைப்பதைச் சமையலறை ஜன்னலில் நின்று பார்க்கிறாள்.

"இதென்னடா வேஷம்?"

"குளிர்றதும்மா. காக்கை பழகட்டும்னு தினம் வைக்கறேன்."

"அப்பாவுக்கு ஒத்திகையா?"

பம்பாய்ப் பேச்சை அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

9 ஜனவரி

திதி. போடியிலிருந்து சாஸ்திரிகள் வந்தார். எல்லாம் முறைப்படி முடிந்து, ஒன்றரை மணிக்குப் பிண்டத்தை மதில்மேல் வைத்தேன். ஈர வேஷ்டி, வெற்றுடம்பு, நெற்றியில் விபூதி. காக்கை பேரிக்காய் மரத்தில் இருந்தது. "கா, கா." ஒரு கிளை பின்னால் தள்ளி உட்கார்ந்தது.

மறுபடி கூப்பிட்டேன். வரவில்லை. காக்கை எடுக்காமல் அம்மா சாப்பிட மாட்டாள். சாஸ்திரிகளுக்கு மூன்று மணி பஸ்.

"ஏதோ மனக்குறை இருக்கு. வாய்விட்டுச் சொல்லுங்கோ" என்றார்.

சொன்னேன். "அப்பா, ஸ்ட்ரைக்குக்குப் போனது தப்பில்லே. உங்களைத் தேடி வந்து பேசாம இருந்தேனே, அது தப்பு. மன்னிச்சுடுங்கோ." அழுதுவிட்டேன். காக்கை அசையவில்லை.

அப்போது அம்மா முற்றத்துக்கு விறுவிறுவென்று வந்தாள். மரத்தைப் பார்த்துச் சொன்னாள்: "ஏன்னா, நீங்க போட்ட சபதம் உங்களோட போச்சு. நான் பம்பாய்க்குப் போகலை. இவனோடதான் இருக்கப்போறேன். சம்மதம்னா எடுத்துக்கோங்கோ."

அம்மா அப்பாவிடம் இத்தனை வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசி நான் கேட்டதில்லை. காக்கையோ கழுத்தைச் சாய்த்து என்னையே பார்த்தது, முன்பின் தெரியாத ஆளைப் பார்ப்பதுபோல.

உறைத்தது. தெரியாத ஆள்தான்! இத்தனை நாளாக அது கண்டது குல்லாயும் மப்ளரும்தானே? அட மடையா, ஒரு நாளாவது வெற்றுடம்போடு நின்று பழக்கியிருக்கக் கூடாதா! இப்போது அது வராமல் போனால் அப்பாவுக்குச் சம்மதமில்லை என்றாகிவிடும். அம்மா போய்விடுவாள்.

"குளிர்றது" என்று உள்ளே ஓடினேன். குல்லாய், மப்ளர், கோட்டு. "என்ன ஓய் இது!" என்றார் சாஸ்திரிகள். "கர்மாதான் முடிஞ்சாச்சே" என்று மதிலருகே போய் நின்றேன். காக்கை நேராக இறங்கி, பிண்டத்தைக் கொத்தித் தின்றது.

"பரம திருப்தி" என்றார் சாஸ்திரிகள்.

அம்மா சாப்பிட்டாள். எனக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை. பெற்றவளை ஏமாற்றிவிட்டேன்.

10 ஜனவரி

சொல்லிவிட வேண்டும். சொல்லவில்லை.

12 ஜனவரி

ரயில் போயிருக்கும். அம்மா மிளகாய் காயப்போட்டாள். இந்த ஊர் வெயிலில் மிளகாய் காயாது. அதையும் சொல்லவில்லை.

1 பிப்ரவரி

அக்காவிடமிருந்து கோபமாகக் கடிதம். யாரைக் கேட்டு முடிவு செய்தீர்கள் என்று. அம்மா பதில் சொல்ல, நான் எழுத உட்கார்ந்தேன்.

"அப்பா சம்மதிச்சுட்டார், சாஸ்திரிகள் சாட்சின்னு எழுது."

பேனாவைக் கீழே வைத்தேன். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். "அப்பா வரலைம்மா. காக்கை குல்லாயைப் பார்த்துத்தான் வந்தது. உன்னைப் போகவிட மனசில்லாம அப்படிப் பண்ணிட்டேன்."

அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"மூணு நாள் ஜன்னல்ல நின்னு பார்த்தவளாக்கும் நான். உனக்கு உறைக்க அத்தனை நாழி ஆச்சேன்னுதான் தவிச்சுண்டிருந்தேன். சம்மதிச்சுட்டார்னு எழுது."

எழுதினேன்.