மேலே யார் ஓடுகிறார்கள்

ஜூன் 4

அன்புள்ள வாலு அப்பாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. இந்த வரியை இரண்டு தடவை படித்துவிட்டு மற்றதைப் படியுங்கள்.

நேற்றுச் சாயங்காலம் கூடத்தின் மேல்தளத்திலிருந்து காரை பெயர்ந்து விழுந்துவிட்டது. கொஞ்சநஞ்சமில்லை, ஒரு கட்டில் அகலத்துக்கு. நான் உட்கார்ந்து பட்டன் தைக்கும் நாற்காலி இப்போது வெறும் விறகு. கடைக்காரர் கொடுத்த சட்டைகளில் பாதி வெள்ளைப் புழுதியில் மூழ்கிவிட்டன. உதறி உதறி எனக்குத் தும்மல் நிற்கவில்லை.

நீங்கள் கேட்பீர்கள், நாற்காலி நொறுங்கும்போது நீ எங்கே இருந்தாய் என்று. மாடிப்படியில் இருந்தேன். வழக்கம்போலத் தண்ணீர் மோட்டாரைப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். மேலே நம் வாலுவின் அறையில் சத்தம் கேட்டது. ஒரு நீள அடி, இரண்டு குட்டி அடி. சுவர் வரை ஓடி, நின்று, திரும்பும் ஓட்டம். உங்களுக்குத்தான் தெரியுமே. மூன்று வருஷமாகக் கேட்டாலும் நான் ஒருநாளும் எழுந்து போய்ப் பார்த்ததில்லை. போனால் நின்றுவிடுமோ என்று பயம். நேற்று மட்டும் என்னவோ, “என்னடி, கூப்பிடுறியா?” என்று கேட்டுக்கொண்டே படியேறினேன். பாதிப் படியில் இருக்கும்போது கீழே இடி விழுந்த மாதிரி ஆயிற்று.

கொத்தனார் இன்று வந்து ஒரு கம்பால் தட்டிப் பார்த்தார். “கம்பியெல்லாம் துருப்பிடிச்சு உப்பிப்போச்சும்மா. எங்கேயோ தண்ணி ஊறுது. ஒட்டுப் போட்டா நிக்காது. மேல் ரூம் தரையைத் திறந்தே ஆகணும்” என்றார். செலவு எவ்வளவு என்று அவர் சொன்னதும் உட்காரலாம் என்று பார்த்தேன். உட்கார நாற்காலி இல்லை.

ஆனாலும் நன்றி சொல்லத்தான் தோன்றுகிறது. அவள் தூங்கப் போகுமுன் ஒன்றுவிடாமல் நன்றி சொல்வாளே, செருப்புக்கு நன்றி, பல்லிக்கு நன்றி, அப்பாவின் மூக்குக்கு நன்றி என்று. அவள் போன பிறகு நான் அதைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்து நடமாடுகிறேன். நேற்று அவளுக்கே சொன்னேன்.

போனில் நம் பேச்சு “சாப்பிட்டாயா”வோடு முடிந்துவிடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன். நீங்களும் எழுதுங்கள்.

உங்கள்
வாலு அம்மா


ஜூன் 15

அன்புள்ள உனக்கு,

இரண்டு தடவை இல்லை, ஐந்தாறு தடவை படித்தேன். அன்று கிடங்கில் வண்டி ஓட்டும்போது கை நடுங்கி ஒரு அடுக்குப் பெட்டியை இடித்துவிட்டேன். குளிரில் நடுங்குகிறேன் என்று மேற்பார்வையாளர் நினைத்துக்கொண்டார். உறைந்த மீன் வைக்கும் கிடங்கில் இருப்பதில் அப்படி ஒரு வசதி.

கொத்தனாரை வேலையைத் தொடங்கச் சொல். விடுமுறைக்கு ஊர் வருவதற்கு என்று எடுத்து வைத்திருந்ததை அப்படியே அனுப்பிவிட்டேன். மிச்சத்துக்கு இன்னும் ஒரு வருஷம் இங்கே வேலை பார்க்கிறேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். உன்னைக் கேட்காமல் போட்டது தப்புதான். கேட்டிருந்தால் நீ என்ன சொல்லியிருப்பாய்? அதற்கும் நன்றி என்றுதானே.

கோபித்துக்கொள்ளாதே. எனக்கு நன்றி வரவில்லை. வீடு தலையில் விழுகிறது, என்னால் வர முடியவில்லை, நீ தனியாகப் புழுதியில் தும்முகிறாய். இதில் யாருக்கு நன்றி, எதற்கு நன்றி? அந்த வீட்டை விற்றுவிடலாம் என்று அப்போதே சொன்னேன். நீதான் மாடியைக் காட்டி மாட்டேன் என்றாய்.

மேலே எலியாக இருக்கும். கொத்தனாரிடம் சொல்லி ஓட்டையை அடைக்கச் சொல்.

வேலை நடக்கும்போது கூடத்தில் நிற்காதே. பக்கத்து வீட்டில் போய் உட்கார்.

உன்
நான்


ஜூலை 2

அன்புள்ள வாலு அப்பாவுக்கு,

பணம் வந்தது. நீங்கள் வரமாட்டீர்கள் என்பதும் அதோடு சேர்ந்து வந்தது. கோபம் இல்லை. புதிதாக வாங்கி வைத்த தலையணை உறையை மடித்து உள்ளே வைத்துவிட்டேன், அவ்வளவுதான்.

எலி என்று எழுதியிருந்தீர்கள். அவள் பெயரை எழுதாமல் இருக்க எவ்வளவு சுற்றுகிறீர்கள்! முன்பெல்லாம் கடிதத்தில் “வாலு அப்பா” என்று கையெழுத்துப் போடுவீர்கள். இப்போது “நான்”. எந்த நான்?

சரி, வேலையைப் பற்றிச் சொல்கிறேன். மேல் அறையைக் காலி செய்தோம். காய்ச்சல் வந்த வாரம் அவள் படுத்திருந்த பாயை நானே சுருட்டினேன். மற்றதையெல்லாம் கொத்தனாரும் அவர் ஆட்களும் கீழே இறக்கினார்கள். அறை யாருடையது என்று நான் சொல்லவில்லை. பொம்மைகளைப் பார்த்தே தெரிந்திருக்கும். அதுவரை பாட்டும் கூச்சலுமாக இருந்தவர்கள் செருப்பைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு மெதுவாகப் பேசினார்கள். அன்றைய நன்றியை அவர்களுக்குக் கொடுத்தேன். கூடவே டீயும் கொடுத்தேன்.

தரையைத் திறந்ததும் குழாய்க்காரர் வந்தார். நல்ல மனுஷர், ஆனால் வாய் ஓயாது. பள்ளத்தில் குனிந்து பார்த்துவிட்டு, “இதோ இருக்கு திருடன்! இணைப்புல கசியுது பாருங்கம்மா. பிடிப்பு எப்பவோ கழண்டிருக்கு. மோட்டாரைப் போடுங்க, காட்டுறேன்” என்றார்.

போட்டேன்.

குழாயில் காற்று அடைத்து, அது துள்ளித் தரையில் மோதியது. ஒரு நீள அடி, இரண்டு குட்டி அடி. சுவர் வரை போய், நின்று, திரும்பியது.

“சாயங்காலமானா மேலே யாரோ ஓடுற மாதிரி இருந்திருக்குமே? பயந்திருப்பீங்க!” என்று சிரித்தார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். “பயப்படல” என்றேன்.  அவர் என்ன செய்வார், பாவம்.

பாருங்கள், கூரையை அரித்ததும் அதுதான், என்னை நாற்காலியிலிருந்து எழுப்பியதும் அதுதான். மூன்று வருஷமாக நான் “சாப்பிட்டியா, தூங்கினியா” என்று பேசிக்கொண்டிருந்ததும் அதனோடுதான்.

புதுக் குழாய் போட்டாயிற்று. தளம் போட்டாயிற்று. கூடம் பளிச்சென்று, ஒரு சொட்டு ஈரம் இல்லாமல் இருக்கிறது. பார்ப்பவர்கள் எல்லாரும் புது வீடு மாதிரி என்கிறார்கள். சாயங்காலம் மோட்டாரைப் போட்டுவிட்டு உட்காருகிறேன். டேங்க் நிரம்பி வழிகிறது. அவ்வளவு அமைதி. நேற்று வெறும் அறையில் போய் நானே ஓடிப் பார்த்தேன், ஒரு நீள அடி, இரண்டு குட்டி அடி. அப்புறம் அவமானமாகிவிட்டது.

இன்று நன்றி சொல்ல ஒன்றும் தேடவில்லை. வீடு பிழைத்துவிட்டது. அதற்குமேல் எனக்கு எழுதத் தெரியவில்லை.

வாலு அம்மா


ஜூலை 13

அன்புள்ள வாலு அம்மாவுக்கு,

உன் கடிதம் இன்று காலையில் வந்தது. நான் எழுதப்போவது நீ அதை எழுதுவதற்கு முந்தைய வாரம் தொடங்கியது. நீ நம்பாமல் போனாலும் பரவாயில்லை, முழுதாகப் படி.

எங்கள் குடியிருப்பு உனக்குத் தெரியும். வரிசையாக அறைகள், மேலே தகரம், அதற்கு மேலே வானம். மாடி கிடையாது. என்னோடு இருக்கும் வெல்டர் சாயங்காலம் காய் நறுக்கிக்கொண்டிருந்தான். நான் சட்டை மாற்றிக்கொண்டிருந்தேன். அவன் கத்தியை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தான்.

“அண்ணே, மேல யாரு ஓடுறா?”

எனக்கும் கேட்டது. கேட்கவில்லை என்று காட்டிக்கொண்டு பித்தானைப் போட்டேன். “மேல ஏது மாடி? பூனையா இருக்கும்” என்றேன்.

“பூனை இப்படி நொண்டி விளையாடுமா?” என்றான்.

ஓரம் வரை போயிற்று. நின்றது. திரும்பியது. அவன் ஏணி வைத்து ஏறிப் பார்த்தான். காய்ந்த தகரம்தான், ஒரு இலைகூட இல்லை. இறங்கி வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டு, “என்னண்ணே?” என்றான்.

அவனோடு இரண்டு வருஷமாக ஒரே அறையில் இருக்கிறேன். எனக்கு ஒரு மகள் இருந்தாள் என்று அவனுக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. யாருக்கும் தெரியாத இடம் வேண்டும் என்றுதான் இவ்வளவு தூரம் வந்தேன். அன்றைக்கு, “என் பொண்ணு” என்றேன். “அவ பேரு வாலு. அப்படித்தான் கூப்பிடுவோம்.”

அவன் அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். காய் அப்படியே கிடந்தது. அன்று நாங்கள் சாப்பிடவே இல்லை.

மறுநாளும் வந்தாள். அதற்கு மறுநாளும். எனக்குப் பயமாக இருக்கிறது. ஆனால் வேலை முடிந்ததும் யாரோடும் டீ குடிக்க நிற்காமல் ஓடிவந்துவிடுகிறேன். இன்று காலை உன் கடிதத்தைப் படித்த பிறகுதான் தேதிகளை நினைத்துப் பார்த்தேன். உன் வீட்டில் சத்தம் நின்ற வாரம் அது.

உன்னிடமிருந்து பறித்துக்கொண்ட மாதிரி இருக்கிறது. என்ன செய்யட்டும், சொல்.

உன்
வாலு அப்பா


ஜூலை 27

என் அன்பு வாலு அப்பாவுக்கு,

படித்ததும் முதலில் வந்தது பொறாமைதான். ஒளிக்கமாட்டேன். சுவரைப் பார்த்துக்கொண்டு, “அப்பா செல்லம், போ” என்று அவளைத் திட்டினேன். அப்புறம் விக்கி விக்கி அழுதேன். அப்புறம் பசித்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

இது நிஜமா என்று உங்களைக் கேட்கமாட்டேன். நீங்கள் பொய் சொல்லத் தெரியாதவர். ஒருவேளை இது பொய்யென்றால், எனக்காக நீங்கள் உட்கார்ந்து யோசித்துச் சொன்ன முதல் பொய், அதற்கு நன்றி. நிஜமென்றால், அவளை நீங்கள் மட்டும் வைத்துக்கொள்ளக் கூடாது. இரண்டில் எதுவானாலும் எனக்கு இங்கே இருக்க வேலையில்லை.

வீட்டை வாடகைக்குக் கொடுத்துவிட்டேன். அஞ்சலகத்தில் வேலை பார்க்கும் பெண், அவள் கணவர், இரட்டைப் பையன்கள். மேல் அறையைப் பார்த்ததும் அந்த இரண்டும் குதித்த குதியில் கொத்தனார் போட்ட தளத்துக்கு நல்ல சோதனை. “மேல்தளம் உறுதியாத்தானே இருக்கு?” என்று அந்தப் பெண் கேட்டாள். “இனி விழாது” என்றேன். அப்படிச் சொல்ல முடிந்ததற்கு, நாம் கொட்டிய அத்தனைக்கும், நீங்கள் போட்ட கையெழுத்துக்கும் சேர்த்து நன்றி சொல்லிவிட்டேன். விழுந்திருக்காவிட்டால் தரையைத் திறந்திருக்கமாட்டோம். திறந்திருக்காவிட்டால் நான் ஒரு குழாயோடு குடும்பம் நடத்திக்கொண்டு இங்கேயே கிழவியாகியிருப்பேன். நீங்கள் அங்கே “நான்” என்று கையெழுத்துப் போட்டுக்கொண்டிருப்பீர்கள்.

சட்டைக் கடைக்காரர் கணக்கைத் தீர்த்துவிட்டார். வெல்டர் தம்பியை வேறு அறை பார்க்கச் சொல்லாதீர்கள். நடுவில் ஒரு துணி கட்டிக்கொள்வோம். சமையல் என் பொறுப்பு என்று அவனிடம் சொல்லுங்கள்.

அடுத்த மாத நடுவில் வந்துவிடுவேன். அதுவரை சாயங்காலங்களில் எங்கேயும் போகாதீர்கள். யாரும் இல்லையென்று அவள் இங்கே திரும்பிவிடப் போகிறாள். இங்கே இனி வேறு பிள்ளைகள் ஓடிக்கொண்டிருப்பார்கள்.

உங்கள்
வாலு அம்மா